கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா?

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும். முழங்கை வரை கருத்த ஆயில். என்ன வேண்டும் என்று வாய் சொல்லாது, கை மட்டும் விரிந்து நிற்கும். எந்த நட்டில் வேலை நடக்கிறது என்று நாமே பார்த்து, அதற்கான ஸ்பானரை அந்தக் கையில் வைக்க வேண்டும். சரியானது என்றால் கை உள்ளே போய்விடும். தப்பானது என்றால் ஸ்பானர் திரும்பி வரும், பறந்து.

1987-இல் ஈரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நான் தொழில் பழகியது இப்படித்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டேன். ‘சும்மா ஊர் சுத்தாதே’ என்று அப்பா மேஸ்திரியிடம் கொண்டுபோய் விட்டார். அப்போதெல்லாம் ஷெட்டுக்கு வருவது அம்பாசடரும் பியட்டும்தான். அம்பாசடருக்கு இஞ்ச் ஸ்பானர். அரை இஞ்ச் எது, ஏழு பை பதினாறு எது என்று இருட்டில் தடவியே சொல்லிவிடுவேன். ஆனால் அந்த நட்டை ஏன் கழற்றுகிறார் என்று மட்டும் தெரியாது. கேட்டால் ‘பார்த்துக் கத்துக்கடா’. இரண்டாம் தடவை கேட்டால் மண்டையில் ஒரு கொட்டு. சொல்லிக் கொடுத்துவிட்டால் பையன் நாலு வருஷத்தில் எதிர்க்கடை போட்டுவிடுவான் என்ற பயமும் அதில் இருந்தது. (நான் போட்டேன். எதிரே இல்லை, நாலு தெரு தள்ளி.)

இன்றைக்கு என் ஷெட்டில் அப்படி ஒரு பொடியனைச் சேர்க்க முடியாது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்திய பிறகு, 18 வயது ஆகாதவர்களை ஆபத்தான வேலைகளில் வைப்பது குற்றம். நல்ல சட்டம். என் தலையில் இன்னும் தடவினால் தெரியும் ஒரு தழும்பை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். ஆனால் எங்கள் தொழிலுக்குள் வர எனக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான். அதை மூடியாயிற்று. வேறு எந்த வாசல் வழியாகப் பிள்ளைகள் வருவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை, ஒரு தலைமையாசிரியரின் காருக்கு கிளட்ச் பிளேட் மாற்றும் வரை.

அவர் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே கூட வந்த பிரிவு. அதில் ஒரு பாடத்துக்கு ‘அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல்’ என்று பெயர். மார்க் குறைந்தவர்களுக்கான குரூப் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாமா, சித்தப்பா யாராவது வீட்டுக்கு வந்து ‘என்ன குரூப்’ என்று கேட்டால் இந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வார்கள். இந்தப் பிரிவில் தேறினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், இன்ஜினியரிங் கலந்தாய்விலும் தனி ஒதுக்கீடு உண்டு என்பதெல்லாம் அந்த மாமாக்களுக்குத் தெரியாது.

எச்.எம். சொன்னார்: “நாலு ஸ்ட்ரோக்கையும் தண்ணி பட்ட பாடா ஒப்பிக்கிறாங்க. நேத்து என் கார் பானெட்டைத் திறங்கடான்னேன். லீவர் எங்க இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல. சனிக்கிழமை சனிக்கிழமை வர்றீங்களா?”

சம்பளம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வண்டி கிடைத்தது பெரிய விஷயம். ஊர் டாக்டர் ஒருவர் வீட்டு வேப்பமரத்தடியில் மூன்று வருஷமாக நின்றிருந்த மாருதி 800. 1998 மாடல், வெள்ளை. வெள்ளை என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். வேப்பம்பழமும் காக்கையும் சேர்ந்து வேறு நிறமாக்கியிருந்தன. நாலு டயருக்கும் காற்றடித்து, கயிறு கட்டி இழுத்து வந்து பள்ளி சைக்கிள் ஷெட்டில் நிறுத்தினோம்.

பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ஒருவன் “ஏதாச்சும் புது வண்டியா இருந்தா நல்லாருக்குமே சார்” என்றான். ஆனால் பழகுவதற்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்தது, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது. முப்பது வருஷம் ஓடிய வண்டி என்பதால் எந்தச் சாமானும் எங்கேயும் கிடைக்கும். மூன்று சிலிண்டர், 796 சி.சி. பானெட்டைத் திறந்தால் கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் எல்லாம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாகத் தெரியும். இப்போது வரும் வண்டியில் பானெட்டைத் தூக்கினால் ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடிதான் வரவேற்கும்.

அந்த முதல் சனிக்கிழமையே, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மோந்ததும் எனக்கு வியாதி தெரிந்துவிட்டது. பெட்ரோல் வாசனை இல்லை. பழைய வார்னிஷ் டப்பா வாசனை. மூன்று வருஷம் கிடந்த பெட்ரோல் பிசினாகி, கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகிற பொடி ஓட்டையை, அதாவது ஜெட்டை, அடைத்திருக்கும், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், அதாவது உள்ளே அசைகிற சவ்வு, விறைத்துப் போயிருக்கும். புது பாட்டரி போட்டு, இரண்டையும் பார்த்தால் சாயங்காலத்துக்குள் ஸ்டார்ட் ஆகிவிடும். வாய் வரை வந்ததை முழுங்கிக்கொண்டேன். ‘நீங்க செஞ்சு காட்ட வேண்டாம், நிக்கிறது மட்டும் போதும்’ என்று எச்.எம். முன்பே சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் நான் பார்த்த மிகக் கஷ்டமான வேலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்த ஐந்து சனிக்கிழமைகள்தான்.

இருபத்திரண்டு பேர். அதில் ஐந்து பெண் பிள்ளைகள். முதல் பாடம் ஸ்டெப்னி மாற்றுவது. சொல்லிக் கொடுக்காமல் “மாத்துங்க பாக்கலாம்” என்றேன். முன்சக்கரம். ஒருவன் ஓடிப்போய் ஜாக்கி வைத்துச் சுற்றி வண்டியைத் தூக்கிவிட்டான். அப்புறம் வீல் ஸ்பானரை நட்டில் மாட்டி மிதித்தான். நட்டு அசையவில்லை, சக்கரமே சுற்றியது. எல்லோரும் சிரித்தார்கள். இறக்கி, தரையில் சக்கரம் பதிந்திருக்கும்போதே நட்டைக் கொஞ்சம் இளக்கிவிட்டு அப்புறம் தூக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: “ஏனுங்க சார், ஹேண்ட் பிரேக்தான் போட்டிருக்குதே, அப்புறம் எப்படிச் சுத்துது?”

கொங்கு நாட்டில் ‘ஏனுங்க’ என்பது கேள்வியே இல்லை. மரியாதையாகக் கூப்பிடுகிற ஒரு விளி, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகள் வாயில் அது நிஜமான ‘ஏன்’ ஆகிவிட்டதை அன்றுதான் கவனித்தேன்.

இந்தக் கேள்விக்கு பதில் தெரிந்திருந்தது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்சக்கரத்தை எஞ்சின்தான் பிடித்து வைக்கும், அதுவும் கியரில் நிறுத்தினால். வண்டி நியூட்ரலில் இருந்தது. ஃபர்ஸ்ட் கியரில் தள்ளச் சொன்னேன், சக்கரம் நின்றது. பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன். கழற்றிய சக்கரத்தை ஓரமாக உருட்டி வைக்காமல் வண்டிக்கு அடியிலேயே படுக்கப் போடச் சொன்னேன். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும், காலின் மேல் உட்காராது. நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். அன்று மத்தியானம் வரை இருபத்திரண்டு பேரும் தலைக்கு ஒரு தடவை அந்த ஒரே சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்கள்.

மாட்டிக்கொண்டது அடுத்த வாரம். பாட்டரி.

டாக்டர் வண்டி பாட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 3 வோல்ட் சொச்சம். முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும், 12-க்குக் கீழே போனால் வண்டியைக் கிளப்புவது சிரமம், எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் பாட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று போர்டில் எழுதிப் போட்டேன். கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது பாசிட்டிவை முதலில் என்றும் எழுதினேன்.

“ஏனுங்க சார்?”

இந்த முறை கேட்டது ஒரு பெண். அப்பா குட்டி யானை ஓட்டுகிறார். வகுப்பில் எப்போதும் கடைசி பெஞ்சு.

“அப்படித்தாம்மா.”

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். மேஸ்திரி குரல் மாதிரியே இருந்தது. கொட்டு ஒன்றுதான் பாக்கி.

உண்மை என்னவென்றால் எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பாட்டரி கழற்றியிருப்பேன். மாற்றிக் கழற்றி அடி வாங்கியதிலிருந்து கை தானாக நெகட்டிவுக்குப் போகும். அவ்வளவுதான். அன்று ராத்திரி ஷெட்டில் உட்கார்ந்து ஒரு அட்டைப் பெட்டியின் பின்னால் படம் போட்டுப் பார்த்தேன். வண்டியின் தகரம் மொத்தமும் நெகட்டிவோடு சேர்ந்தது. நெகட்டிவ் முனையை ஸ்பானரால் திருப்பும்போது அதன் மறுமுனை தகரத்தில் இடித்தால் ஒன்றும் ஆகாது, நெகட்டிவும் நெகட்டிவும்தானே. பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் தகரத்தில் பட்டால் பாட்டரியின் கரண்ட் மொத்தமும் அந்த ஸ்பானர் வழியாகவே ஓடும். நெகட்டிவை எடுத்துவிட்ட பிறகு பாசிட்டிவில் எங்கே இடித்தாலும் சுற்று முடியாது. பத்து நிமிஷ யோசனை. பழைய நாளில் ஒருமுறை என் ஸ்பானர் பேட்டரி கிளாம்ப்புக்கும் பானெட் ஓரத்துக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு, பொறி பறந்து, நுனி உருகியது நினைவுக்கு வந்தது. அந்தப் பொறிக்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தம் இருப்பது இத்தனை வருஷம் கழித்து ஒரு பதினாறு வயசுப் பிள்ளை கேட்டுத்தான் எனக்குத் தெரிகிறது.

அடுத்த சனிக்கிழமை அந்த அட்டையையே கொண்டுபோய்க் காட்டினேன். “போன வாரம் எனக்குத் தெரியல கண்ணு, இப்பத் தெரியும்” என்றேன். வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது. தெரியல என்று சொல்கிற சாரை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அந்த உருகிய ஸ்பானர் கதையால் வேறொரு காரியமும் நடந்தது. கையில் இரும்புக் காப்பு போட்டிருந்தால் அதன் வழியாகவும் கரண்ட் ஓடும், மணிக்கட்டைச் சுற்றி வளையமாக வெந்துபோகும், கழற்ற நேரம் இருக்காது என்றேன். கயிறு கட்டியிருந்தால்? கயிறில் கரண்ட் ஓடாது, ஆனால் ஓடுகிற பெல்ட்டில் சிக்கினால் கையோடு இழுக்கும். மறுபேச்சில்லாமல் காப்பு, மோதிரம், கலர் கலரான கயிறு எல்லாம் ஒரு டப்பாவுக்குள் வந்து விழுந்தன. அந்தக் கயிறுகளின் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில், பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் அறிக்கை கொடுத்திருக்கிறது. எச்.எம். அந்த டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திங்கட்கிழமை எத்தனை பேர் கையில் திரும்ப ஏறியது என்று நான் விசாரிக்கவில்லை. சனிக்கிழமை சைக்கிள் ஷெட்டில் இருபத்திரண்டு வெறுங்கை இருந்தது, எனக்கு அது போதும்.

ரேடியேட்டர் மூடி பாடத்துக்கு நான் தேவைப்படவே இல்லை. சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். ‘ஏனுங்க’ வருமுன்னே இன்னொரு பெண் “குக்கர்தானுங்க சார்” என்றாள். வெயிட்டு போட்டால் உள்ளே தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், வெயிட்டைத் தூக்கினால் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து மேலே அடிக்கும். மூடியில் இருக்கிற ஸ்பிரிங்தான் வெயிட்டு. ‘ரேடியேட்டர் பிரஷர் கேப்’ என்று புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இருப்பதை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். பையன்களில் பாதிப் பேர் குக்கர் வைத்ததே இல்லை, அவர்களுக்குத்தான் விளங்க நேரமானது.

புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ‘கிராங்க்’ என்பதைத் தமிழ்க் கலைச்சொல்லில் ‘வணரி’ என்கிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஸ்டாஃப் ரூமில் தமிழய்யாதான் விளக்கினார்: வணர்தல் என்றால் வளைதல், யாழின் வளைந்த தண்டை அந்தக் காலத்தில் வணர்கோடு என்பார்கள். அதன் பிறகு கிராங்க் ஷாஃப்ட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதன் வளைவு கண்ணில் படுகிறது. ஆனாலும் ஷெட்டில் போய் ‘வணரி எடுடா’ என்று நான் சொல்லப் போவதில்லை.

வண்டி ஏன் கிளம்பவில்லை என்ற ஆராய்ச்சி மூன்றாம் வாரம் தொடங்கியது. எங்கள் தொழிலில் இதற்கு இரண்டே கேள்வி: கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா? போர்டில் அதை மட்டும் எழுதினேன்.

என் ஷெட்டிலிருந்து ஒரு பாட்டரி கொண்டுவந்து மாட்டியிருந்தோம். கரண்டுக்கு, பொறி விடுகிற பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, எஞ்சின் தகரத்தில் சாய்த்து வைத்து, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. கூட்டத்தில் ஒரு ‘ஓ’. அடுத்தது, கழற்றிய மூன்று பிளக்கையும் திரும்ப மாட்டுவது. இந்த இடத்தில் மட்டும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. குறுக்கே போய் நின்றேன்.

எஞ்சின் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. பிளக்கைக் கோணலாக வைத்து ஸ்பானரால் திருகினால் இரும்பு ஜெயிக்கும், அலுமினிய மரை போய்விடும். அப்படிப் போனால் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். சொன்னேன். தொழில் பழகிய மூன்றாம் வருஷம் ஒரு வாடிக்கையாளர் வண்டியில் மரையைக் கெடுத்துவிட்டு, பயத்தில் யாரிடமும் சொல்லாமல் பிளக்கை அப்படியே அமுக்கி மாட்டி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அது நடுரோட்டில் பிய்த்துக்கொண்டு வந்தது. பழி வேறொரு பையன் மேல் விழுந்தது. அவனை மேஸ்திரி வேலையை விட்டே அனுப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. இதை என் வீட்டுக்காரிக்குக்கூடச் சொன்னதில்லை, சைக்கிள் ஷெட்டில் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அப்புறம் ஒரு பழைய பெட்ரோல் டியூப் துண்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சாண் நீளம். பிளக்கின் பீங்கான் தலையில் டியூபைச் செருகி, குழிக்குள் இறக்கி, டியூபை விரலால் உருட்ட வேண்டும். மரை சரியாகப் பிடித்தால் பிளக் வெண்ணெயில் இறங்குவது மாதிரி நாலைந்து சுற்று உள்ளே போகும். கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கும், மரை தப்பிக்கும். விரல்தான் அளவு. அதன் பிறகு ஸ்பானருக்கு வேலை கடைசி கால் சுற்றுதான்.

மூன்று பிளக்கும் பதமாக உட்கார்ந்தன. ஆனால் ஒயரை மாட்டும்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றி மாட்டிவிட்டார்கள். இந்த வண்டியில் சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை 1-3-2. நான் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை, ஒயர்தானே, எதுவும் உடையாது. கார்பரேட்டர் வாயில் கொஞ்சம் நல்ல பெட்ரோலை ஊற்றி, ஏர் ஃபில்டர் மூடியைப் போட்டுவிட்டு ஒருவன் செல்ஃப் அடித்தான். கார்பரேட்டர் வழியாக ‘டுமீல்’ என்று ஒரு வெடி. பக்கத்து வகுப்பில் பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. எச்.எம். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அன்றிலிருந்து 1-3-2 யாருக்கும் மறக்கவில்லை.

நாலாம் வாரம் பெட்ரோல். கார்பரேட்டர் பக்கத்து டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடித்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. பம்ப்பைப் பிரித்தால் டயாஃப்ரம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. ‘சார், உங்களுக்கு முதல்லயே தெரியுமா?’ என்று ஒருவன் சந்தேகமாகப் பார்த்தான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மத்தியானம்தான் குட்டி யானைக்காரர் பள்ளிக்கு வந்தார். கடைசி பெஞ்சுப் பெண்ணின் அப்பா. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நடையிலேயே தெரிந்தது.

“ஏனுங்க, இந்தப் புள்ள ஒரு வாரமா டயரை மாத்து டயரை மாத்துன்னு உசுர எடுக்குது. நீங்க டயர் கடை வெச்சிருக்கீங்களா?”

போன வாரம் டயர் படிக்கச் சொல்லியிருந்தேன். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 1417 என்றால் 2017-ஆம் வருஷம் பதினாலாம் வாரம் செய்த டயர். பட்டன் பள்ளத்துக்குள் குட்டிக் குட்டி மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கி, அதற்கு மேல் ஓட்டக் கூடாது. அவள் வீட்டுக்குப் போய் அப்பா வண்டியின் நாலு டயரையும் படித்திருக்கிறாள், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். நானும் குனிந்து பார்த்தேன். அவள் எழுதியதில் தப்பே இல்லை.

“புள்ள சொல்றது சரிங்க” என்றேன்.

“சரிதானுங்க. காசு யாரு குடுப்பா? இந்த மாசம் எஃப்.சி., அடுத்த மாசம் ட்யூ.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தில் எந்த மெக்கானிக்கிடமும் இருக்காது. பின்டயர் இரண்டை மட்டும் பிற்பாடு மாற்றினார். முன்டயர் இன்னும் அதேதான். அவள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நடுவில் ஒரு நாள் ஒருவன் கேட்டான்: “எல்லாம் கரண்ட் வண்டி ஆயிட்டா நாங்க இதப் படிச்சு என்ன சார் பண்றது?” கார்பரேட்டர் போய்விடும், பிளக் போய்விடும், ஆயில் சேஞ்ச் போய்விடும், உண்மைதான். டயர் போகாது, பிரேக் போகாது, பேரிங் போகாது, புஷ் போகாது. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறக் கேபிளைப் பார்த்தால் மட்டும் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள், அதில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடலாம், அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான். என் ஷெட்டின் வருமானத்தில் பெரும் பகுதி ஆயில் சேஞ்ச்.

ஐந்தாம் சனிக்கிழமை. புது டயாஃப்ரம் மாட்டியாயிற்று, ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தாயிற்று, டேங்க்கைக் காலி செய்து ஐந்து லிட்டர் நல்ல பெட்ரோல் ஊற்றியாயிற்று. பாட்டரி என் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த அதேதான். ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருந்தார்கள். எடுத்த பழைய ஆயிலை ஒரு பையன் வீட்டு மரக்கதவில் கரையானுக்குப் பூசக் கேட்டான், கொடுக்கவில்லை. கேனில் பிடித்து என் ஷெட்டு ஆயிலோடு சேர்த்து, பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுக்க வைத்திருக்கிறேன். சாவி என் பையில்தான் இருந்தது. ஐந்து வாரமாக ‘ஒரே ரவுண்டு சார்’ என்று கெஞ்சாத ஆள் இல்லை. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் ஜெயிலும் என்று போர்டில் எழுதிப் போட்ட பிறகுதான் கெஞ்சல் கொஞ்சம் ஓய்ந்தது.

செல்ஃப் அடிக்க யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஜாக்கியைத் தப்பாக வைத்த அதே பையன் பெயர் வந்தது. நியூட்ரல் பார்த்து, சோக் இழுத்து, சாவியைத் திருப்பினான். முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. மூன்று சிலிண்டர் மாருதிக்கே உரிய அந்தக் குலுக்கல், சைலென்சரிலிருந்து மூன்று வருஷத்துக் கரிப்புகை, ஷெட்டுக்குள் விசில் சத்தம். ஒருவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கவே பார்த்தான்.

“ஆஃப் பண்ணு! டேய், ஆஃப் பண்ணு!”

கடைசி பெஞ்சுப் பெண். ஜன்னல் வழியாகக் கைவிட்டு அவளே சாவியைத் திருப்பிவிட்டாள். எஞ்சின் நின்றது. எல்லோரும் அவளை முறைத்தார்கள்.

“ஆயில் லைட்டு அணையல சார்.”

எட்டிப் பார்த்தேன். சாவியை மறுபடி ஆன் மட்டும் செய்தால் சிவப்பு விளக்கு, அது சரிதான். எஞ்சின் கிளம்பி இரண்டு மூன்று நொடியில் அது அணைந்திருக்க வேண்டும். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தேன், ஆயில் மேல் கோட்டில் நின்றது. எஞ்சின் சத்தத்தில் தட்டல் எதுவும் இல்லை, காது சொன்னது. ஃபில்டர் மாற்றும்போது ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரை எங்கேயோ நசுக்கியிருப்பார்கள்.

“ஒண்ணுமில்ல கண்ணு, ஒயர்தான். ஸ்டார்ட் பண்ணுங்க” என்றேன்.

அவள் சாவியைக் கொடுக்கவில்லை. “எப்படிங்க சார் தெரியும்? ஆயில் போகாம இருந்தா எஞ்சின் போயிருமே.”

காதைச் சாட்சியாக வைத்து அவளிடம் ஒப்பேற்ற முடியாது. கொஞ்ச நேரம் பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று அவர்களையே சொல்லச் சொன்னேன். நாலைந்து பேர் சேர்ந்து ஒருவழியாகச் சொன்னார்கள்: சாவி ஆன் செய்ததும் விளக்குக்கு பாசிட்டிவ் வரும், பிரஷர் இல்லாதபோது சுவிட்ச் அதை எஞ்சின் தகரத்தோடு, அதாவது நெகட்டிவோடு சேர்க்கும், விளக்கு எரியும், பிரஷர் ஏறினால் சுவிட்ச் விட்டுவிடும், விளக்கு அணையும்.

“சரி. இப்ப சுவிட்ச்ல இருந்து ஒயரை உருவிட்டா?”

“அணையணும்” என்றான் ஒருவன்.

“அணையலேன்னா?”

யாரும் பேசவில்லை. அவள் மட்டும் சாவியை ஆன் செய்து டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜாக்கிப் பையன் குனிந்து, ஃபில்டர் பக்கத்தில் கைவிட்டுத் தடவி, ஒயரை உருவி மேலே தூக்கிக் காட்டினான்.

“எரியுதுங்க சார்.” கொஞ்சம் நேரம் கழித்து அவளே, “அப்ப சுவிட்ச் இல்ல. ஒயரு எங்கியோ தகரத்துல தொடுது” என்றாள்.

சாவியை உருவி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். மொபைல் டார்ச்சைப் பொருத்திக்கொண்டு, ஒயர் போன வழியில் தலையைச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு இடம் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே, கிளிப்புக்குப் பக்கம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.